கலெக்டர் ஆபீஸ் எதிர் டீக்கடை

அன்று வெள்ளிக்கிழமை, விடிந்தால் இரண்டாம் சனி. திருமுருகன்பூண்டியில் சிநேகிதர் ஒருவர் நடத்தும் சின்னப் பனியன் யூனிட்டின் ஆபீஸ் அறையில், டீ வரட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். உள்ளே பவர் டேபிள் ஓடுகிற சத்தம், வெளியே ரோட்டோரச் சிற்பக் கூடத்தில் உளிச் சத்தம். மணி மூன்றரை. திருப்பூர்ப் பக்கம் தொழிலாளிக்குச் சம்பளம் வாரக் கணக்கு. சனிக்கிழமை சாயந்தரம் டெய்லர் முதல் கைமடி வரை எல்லார் கையிலும் காசு விழுந்தாக வேண்டும். மறுநாள் வங்கி லீவு என்பதால் அன்றைக்கே பணத்தை நகர்த்தி வைக்க வேண்டிய கட்டாயம். அந்த நேரம் பார்த்து ஒரு மெயில் வந்தது.

உங்கள் நடப்புக் கணக்கின் கேஒய்சி காலாவதியாகிவிட்டது, இன்று மாலை 6 மணிக்குள் புதுப்பிக்காவிட்டால் கணக்கிலிருந்து பணம் எடுப்பது நிறுத்தப்படும் என்று இங்கிலீஷில் மூன்றே வரி. மேலே வங்கியின் சின்னம். எழுத்தும் நிறமும் வங்கியுடையவை. கீழே பொடி எழுத்தில், பாஸ்வேர்டை யாரிடமும் சொல்லாதீர்கள் என்ற அறிவுரைகூட இருந்தது. திருடன் எழுதிய கடிதத்தில் திருடன் ஜாக்கிரதை!

அக்கௌன்ட்ஸ் பார்க்கும் பெண் லிங்க்கை அமுக்கிவிட்டார். தினமும் பார்க்கிற அதே லாகின் பக்கம் திறந்தது. இரண்டு நிமிடம் கழித்துத் திரும்பி, "ஏனுங்ண்ணா, இன்னைக்குப் பாஸ்வேர்டு தானா வர மாட்டேங்குதுங்க. நீங்க ஏதாச்சும் மாத்துனீங்களா?" என்று முதலாளியைக் கேட்டார்.

"நான் எதும்மா மாத்தப் போறேன்?"

வழக்கமாக அந்தக் கம்ப்யூட்டரில் வங்கிப் பக்கம் திறந்ததும், சேமித்து வைத்த யூசர் ஐடியும் பாஸ்வேர்டும் தாமாகவே கட்டத்தில் வந்து உட்காரும். அன்றைக்குக் கட்டம் காலியாகவே இருந்தது. மூன்று பேரும் ஸ்க்ரீனை உற்றுப் பார்த்தோம். பக்கத்தில் ஒரு குறையும் தெரியவில்லை. எங்கள் மூன்று பேர் கண்ணுக்கும் அது வங்கிதான். அது வங்கி இல்லை என்று கண்டுபிடித்தது, கண்ணே இல்லாத பிரௌசர்.

அது எப்படி என்பதற்கு விடை அந்த அறையின் மூலையிலேயே இருந்தது. துணி ஏற்றுமதி செய்யும் ஆபீஸ்களில் லைட் பாக்ஸ் என்று ஒரு பெட்டி இருக்கும். உள்பக்கம் சாம்பல் நிறம், மேலே நாலைந்து வகை விளக்கு. டையிங்கிலிருந்து வந்த துணியையும் பையர் ஒப்புதல் கொடுத்த சாம்பிளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு விளக்காகப் போட்டுப் பார்ப்பார்கள். டி65 என்பது 6500 கெல்வின், ஏறக்குறைய பகல் வெளிச்சம். டிஎல்84 என்பது சுமார் 4000 கெல்வின், ஐரோப்பியக் கடைகளில் எரிகிற மாதிரியான டியூப் லைட். டி65-இல் அச்சு அசலாக ஒன்றாக இருந்த இரண்டு துணி, டிஎல்84-ஐப் போட்டதும் ஒன்று பச்சையடித்தும் ஒன்று சிவப்படித்தும் நிற்பதை மெர்ச்சண்டைசர்கள் வயிறு எரியப் பார்த்திருப்பார்கள். இதற்கு மெட்டாமெரிசம் என்று பெயர்.

காரணம் சாயத்தில் பாதி, கண்ணில் பாதி. நம் விழித்திரையில் நிறம் பார்ப்பதற்கு மூன்று வகைக் கூம்புச் செல்கள்தான் உண்டு. துணியிலிருந்து வருகிற ஒளியில் எத்தனையோ அலைநீளங்கள் கலந்திருந்தாலும், கண் அதை மூன்றே மூன்று எண்களாகச் சுருக்கித்தான் மூளைக்கு அனுப்புகிறது. வேறு வேறு சாயக் கலவைகள், வேறு வேறு அலைநீளச் சேர்க்கைகள், ஆனால் சுருக்கி வருகிற மூன்று எண் ஒன்றாக அமைந்துவிட்டால் கண்ணுக்கு இரண்டும் ஒரே நிறம்தான். விளக்கை மாற்றும்போது அந்தத் தற்செயல் உடைகிறது.

போலி மெயிலும் இந்த மாதிரிச் சரக்குதான். வங்கியின் சின்னம், வங்கி பேசுகிற மாதிரியான இங்கிலீஷ், அனுப்பியவர் என்ற இடத்தில் வங்கியின் பெயர். ஒரு மெயிலை நாம் இப்படிச் சுருக்கித்தான் பார்க்கிறோம். இவை எல்லாமே காப்பி அடிக்கக் கூடியவை. ஆகவே "நன்றாக உற்றுப் பாருங்கள்" என்று சொல்லும் எச்சரிக்கைச் சுவரொட்டிகள்மேல் எனக்கு நம்பிக்கை குறைவு. டியூப் லைட்டுக்கு அடியில் துணியை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் நிறம் மாறப் போவதில்லை. வேறு விளக்கு வேண்டும்.

மெயிலுக்கு அந்த வேறு விளக்கு, அது வந்த வழி. மெயில் ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்குப் போகிற முறையை எஸ்எம்டிபி என்பார்கள். 1982-இல் ஜான் போஸ்டல் என்ற அமெரிக்கர் எழுதிவைத்த விதிகள்தான் அதற்கு அடிப்படை. அப்போது இணையத்தில் இருந்தவர்கள் பெரும்பாலும் பல்கலைக்கழகத்தாரும் ஆராய்ச்சியாளர்களும். ஒருவரையொருவர் நம்புகிற சின்ன ஊர் அது. அனுப்புகிறவர் தன் பெயரை எப்படி எழுதினாலும் தபால்காரர் கேள்வி கேட்க மாட்டார் என்பதாகவே விதி அமைந்தது. லாரி பார்சல் ஆபீஸில் மூட்டைமேல் மார்க்கர் பேனாவால் யார் பெயரை வேண்டுமானாலும் எழுதலாம் அல்லவா, அந்த மாதிரி. போதாததற்கு ஒரு மெயிலுக்கு இரண்டு அனுப்புநர் உண்டு. பில்டியில், அதாவது லாரி ரசீதில், இருக்கிற பெயர் ஒன்று, அதைச் சர்வர்கள் மட்டும் பார்க்கும். மூட்டைமேல் எழுதிய பெயர் இன்னொன்று, அதைத்தான் நாம் பார்க்கிறோம். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று 1982-இல் யாரும் கட்டாயப்படுத்தவில்லை.

பிற்பாடு இந்த ஓட்டையை அடைக்க மூன்று ஒட்டுப் போட்டார்கள். முதலாவது எஸ்பிஎஃப்: "எங்கள் கம்பெனி சரக்கு இன்ன இன்ன பார்சல் ஆபீஸ் வழியாகத்தான் வரும்" என்று டொமைன்காரர் பொதுவில் ஒரு பட்டியல் ஒட்டி வைப்பது. ஆனால் அது பார்ப்பது பில்டியில் இருக்கிற பெயரை மட்டும். இரண்டாவது டிகிம். கன்டெய்னருக்குப் போல்ட் சீல் அடித்து, சீல் நம்பரைப் பேப்பரில் எழுதி அனுப்புகிறோமே, அது. அனுப்புகிற சர்வர் தன்னிடம் மட்டும் இருக்கிற ரகசியச் சாவியால் மெயிலுக்கு ஒரு கணிதக் கையொப்பம் போடும். வாங்குகிற சர்வர், எல்லாருக்கும் தெரிகிற இன்னொரு சாவியால் அதைச் சரிபார்க்கும். வழியில் ஒரு எழுத்து மாறியிருந்தாலும் சீல் உடைந்தது தெரிந்துவிடும். மூன்றாவதான டிமார்க், இந்த இரண்டில் ஒன்றாவது மூட்டைமேல் எழுதிய பெயரோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கச் சொல்லும். ஒத்துப்போகாத சரக்கைத் திருப்பி அனுப்புவதா, ஓரமாகப் போட்டு வைப்பதா என்று டொமைன்காரரே உத்தரவு போட்டு வைக்கலாம். 2024 பிப்ரவரியிலிருந்து கூகுளும் யாஹூவும், தங்களுக்கு மொத்தமாக மெயில் அனுப்புகிறவர்களுக்கு இந்த மூன்றையும் கட்டாயமாக்கின.

கம்ப்யூட்டரில் ஜிமெயிலைத் திறந்து, மெயிலின் வலது ஓரம் இருக்கிற மூன்று புள்ளியை அமுக்கி, "ஷோ ஒரிஜினல்" என்று போனால் இந்த மூன்றின் முடிவும் பாஸ், ஃபெயில் என்று பட்டியலாக வரும். நாங்களும் பார்த்தோம். மூன்றும் பாஸ்!

சிநேகிதர் முகத்தில் ஒரு நிம்மதி. அதைக் கெடுக்க வேண்டியதாயிற்று. பாஸ் என்றால், மெயில் எந்த டொமைன் பெயரைச் சொல்கிறதோ அங்கிருந்துதான் வந்திருக்கிறது என்று மட்டுமே அர்த்தம். அந்த டொமைன் உங்கள் வங்கியுடையதா என்பதை அது சொல்லாது. சில நூறு ரூபாய் கொடுத்து வங்கிப் பெயர் மாதிரியே ஒரு டொமைனைத் திருடன் சொந்தமாக வாங்கி, முறைப்படி பட்டியல் ஒட்டி, சீல் அடித்து அனுப்பினால் மூன்றும் பாஸாகத்தான் செய்யும். சீல் உடையாத கன்டெய்னருக்குள்ளும் கடத்தல் சரக்கு வரும்.

ஆகக் கடைசியில் எல்லாம் டொமைன் பெயரைப் படிப்பதில் வந்து நிற்கிறது. இதில் தமிழனுக்கு ஒரு அனுகூலம் இருப்பதாக எனக்குத் தோன்றும். "கலெக்டர் ஆபீஸ் எதிர் டீக்கடை" என்று யாராவது சொன்னால், அது டீக்கடை என்பதில் நமக்குச் சந்தேகமே வராது. கலெக்டர், ஆபீஸ் என்று எத்தனை கம்பீரமான சொல் முன்னால் வந்தாலும், கடைசிச் சொல்தான் பொருள். முன்னால் இருப்பதெல்லாம் அடையாளம். டொமைன் பெயரும் சரியாக இப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறது. நம்மவங்கி.பேங்க்.இன் என்று ஒரு முகவரி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் இன், அதற்குள் பேங்க், அதற்குள் நம்மவங்கி. இப்போது நம்மவங்கி.பேங்க்.இன்.கேஒய்சி-அப்டேட்.காம் என்பதைப் பாருங்கள். இது கேஒய்சி-அப்டேட்.காம் என்ற டீக்கடை. எதிரில் கலெக்டர் ஆபீஸ் இருக்கிறது, அவ்வளவுதான். முகவரியின் தொடக்கத்தில் எச்டிடிபிஎஸ்ஸை ஒட்டி வருகிற இரட்டைச் சாய்கோட்டை விட்டுவிட்டு, அதற்கு அடுத்த முதல் சாய்கோடு வருகிற இடத்தில் விரலை வைத்து, அங்கிருந்து இடது பக்கமாகப் படித்துக்கொண்டு வர வேண்டும். சாய்கோட்டுக்கு வலது பக்கம் எந்த வங்கியின் பெயர் இருந்தாலும் அது வெறும் அலங்காரம். புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் சின்னக் கோடு இருந்தால் அதுவும் வேறு ஆள்: பேங்க்-இன்.காம் என்பதற்கும் பேங்க்.இன் என்பதற்கும் எந்தச் சொந்தமும் கிடையாது.

பேங்க்.இன் என்று நான் உதாரணம் சொன்னதற்குக் காரணம் உண்டு. 2025 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி, இந்திய வங்கிகளுக்கென்றே இந்தத் தனி முடிவை அறிவித்தது. அந்த ஆண்டு அக்டோபர் 31-க்குள் எல்லா வங்கிகளும் தங்கள் இணையதளத்தை இதற்கு மாற்ற வேண்டும் என்று கெடு. இதைப் பதிவு செய்து கொடுக்கிற அதிகாரம் ஹைதராபாத்தில் ரிசர்வ் வங்கி நிறுவிய ஐடிஆர்பிடி என்ற அமைப்புக்கு மட்டும்தான். காம் என்று முடிகிற பெயரை யார் வேண்டுமானாலும் வாங்கலாம், பேங்க்.இன் என்று முடிகிற பெயரை வங்கி அல்லாத ஒருவர் வாங்க முடியாது. முப்பது வங்கிக்கு முப்பது விதமான முகவரியை மனப்பாடம் செய்வதற்குப் பதில் ஒரே ஒரு முடிவைப் பார்த்தால் போதும் என்று ஆனது நல்ல காரியம். இதைப் பத்து வருடம் முன்பே செய்திருக்கலாம் என்ற முணுமுணுப்பு எனக்கு உண்டு.

கடைசிச் சொல் விதி, மெயிலோடு வருகிற ஃபைலுக்கும் பொருந்தும். ஏற்றுமதிக்காரர்களுக்கு வருகிற தூண்டிலில் பாதி, "பணம் அனுப்பிவிட்டோம், ஸ்விஃப்ட் காப்பி இணைத்திருக்கிறோம்" என்ற ரகம். பையரிடமிருந்து பணம் எப்போது வரும் என்று வழிமேல் விழி வைத்திருக்கிற ஆபீஸில் அதைத் திறக்காமல் இருப்பது கஷ்டம். ஸ்விஃப்ட்காப்பி.பிடிஎஃப்.இஎக்ஸ்இ என்ற ஃபைலில் பிடிஎஃப் என்பது கலெக்டர் ஆபீஸ். இஎக்ஸ்இ என்பதுதான் சரக்கு, அது ஓடுகிற புரோகிராம். விண்டோஸ் வாங்கின நிலையில் கடைசி மூன்று எழுத்தைக் காட்டாமல் மறைத்துவிடும் என்பதால் திரையில் தெரிவது ஸ்விஃப்ட்காப்பி.பிடிஎஃப் மட்டும். ஃபைல் முடிவுகளைக் காட்டும்படி செட்டிங்கை மாற்றிக்கொள்வது ஒரு நிமிட வேலை. அந்தப் புரோகிராம் உள்ளே போய் உட்கார்ந்தால் நீங்கள் தட்டுகிற ஒவ்வொரு எழுத்தையும் குறித்து அனுப்பிக்கொண்டிருக்கும்.

சரி, டொமைனை வலமிருந்து இடமாகப் படித்தாயிற்று, முடிவும் சரியாகத்தான் தெரிகிறது என்றால்? அங்கேயும் கண் ஏமாறும். பழைய தமிழ்க் கணக்கு நோட்டு பார்த்தவர்களுக்குத் தெரியும்: தமிழ் எண் ௧ என்பதும் எழுத்து க என்பதும் கண்ணுக்கு ஒன்று, ௭ என்பதும் எ என்பதும் ஒன்று, ௮ என்பதும் அ என்பதும் ஒன்று. கம்ப்யூட்டருக்கு அவை வேறு வேறு. யூனிகோடில் எழுத்து அ-வுக்கு 0பி85 என்று ஒரு எண், எட்டைக் குறிக்கிற ௮-வுக்கு 0பிஇஇ என்று வேறு எண். அதே மாதிரி ஆங்கில ஏ-யும் ரஷ்ய மொழியின் சிரிலிக் ஏ-யும் பார்வைக்கு இரட்டைப் பிள்ளை. சூடோங் செங் என்ற ஆராய்ச்சியாளர் 2017-இல் ஆப்பிள் நிறுவனத்தின் பெயரை முழுக்கச் சிரிலிக் எழுத்திலேயே எழுதி ஒரு டொமைன் பதிவு செய்து காட்டினார். அப்போதிருந்த குரோமிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் அது அசல் ஆப்பிளாகவே தெரிந்தது. குரோம் பிறகு இதைத் திருத்திக்கொண்டது. ஆனால் ஆங்கிலத்துக்குள்ளேயே இந்த வித்தை உண்டு. சின்ன ஆர் எழுத்தும் சின்ன என் எழுத்தும் ஒட்டி நின்றால் செல்போன் திரையில் எம் எழுத்து மாதிரிதான் தெரியும்.

இப்போது அந்தக் காலிக் கட்டத்துக்கு வரலாம். பாஸ்வேர்டைச் சேமித்து வைக்கிற பிரௌசர் பக்கத்தின் முகத்தைப் பார்ப்பதில்லை. இந்தப் பாஸ்வேர்டு இந்த டொமைனுக்கு என்று எழுத்துக்கு எழுத்து, எண்ணுக்கு எண் குறித்து வைத்திருக்கிறது. ஒரு புள்ளி மாறினாலும் அதற்கு அது தெரியாத வீடு, சாவியை எடுக்காது. பாஸ்வேர்டு தானாக வரவில்லை என்றால் பலர் எரிச்சலில் கையால் தட்டிவிடுகிறார்கள். நிற்க வேண்டிய இடம் அதுதான். பாஸ்கீ என்று இப்போது பரவி வருவது இதே தத்துவத்தை இன்னும் கெட்டிப்படுத்தியது. அதில் கையால் தட்டுவதற்கு ஒன்றுமே இல்லை. போனுக்குள் இருக்கிற ரகசியச் சாவி, பதிவு செய்த டொமைனைத் தவிர வேறு எதற்கும் பதில் சொல்லாது.

ஓடிபி இருக்கிறதே, பயமென்ன என்று கேட்பவர்கள் உண்டு. போலிப் பக்கத்துக்குப் பின்னால் இப்போது ஒரு புரோகிராம் உட்கார்ந்திருக்கிறது. நீங்கள் போலியில் தட்டுவதை அந்த நொடியே அது அசல் வங்கிப் பக்கத்தில் தட்டும். அசல் வங்கி உங்கள் போனுக்கு அசல் ஓடிபி அனுப்பும். அதையும் நீங்கள் போலியில் தட்டுவீர்கள். ஓடிபி வந்ததே, ஆகவே இது வங்கிதான் என்று மனம் வேறு சமாதானமாகும்! ஓடிபி மெசேஜில் நாலு இலக்க, ஆறு இலக்க எண்ணை மட்டும் பொறுக்கிக்கொண்டு மீதியைப் படிக்காமல் விடுவது நம் எல்லாருக்கும் பழக்கம். எதற்காக இந்த ஓடிபி, எவ்வளவு தொகை என்பது பெரும்பாலும் அந்த மீதியில்தான் இருக்கும். கேஒய்சிக்கு என்று நினைத்துக்கொண்டிருப்பவர் அதில் புதிய பெனிஃபீஷியரி என்ற சொல்லைப் பார்த்தால் உறைக்கும்.

பூட்டுச் சின்னத்தைப் பற்றி ஒரு வார்த்தை. முகவரிக்குப் பக்கத்தில் பூட்டு இருந்தால் பத்திரம் என்று ஒரு காலத்தில் வங்கிகளே சொல்லிக்கொடுத்தன. பூட்டு சொல்வது, உங்களுக்கும் அந்தத் தளத்துக்கும் நடுவில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பதை மட்டும். எதிர்முனையில் இருப்பது திருடன் என்றால் திருடனோடு ரகசியமாகப் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். அந்தப் பூட்டுக்கான சான்றிதழ் இன்று இலவசமாகவே கிடைக்கிறது. மக்கள் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள் என்பதாலேயே 2023 செப்டம்பரில் குரோம் அந்தப் பூட்டுப் படத்தை எடுத்துவிட்டது.

எழுத்துப் பிழை இருந்தால் போலி என்ற அறிவுரையும் இந்தக் கணக்கில்தான் சேரும். மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சிப் பிரிவைச் சேர்ந்த கார்மக் ஹெர்லி 2012-இல் ஒரு கட்டுரை எழுதினார். நைஜீரியாவில் கோடிக்கணக்கான டாலர் புதையல் என்று கூச்சமில்லாமல் எழுதுகிறார்களே, யார் நம்புவார்கள் என்ற கேள்விக்கு அவர் சொன்ன பதில் விசித்திரமானது. கொஞ்சம் விவரம் தெரிந்தவன் முதல் வரியிலேயே கழன்றுகொள்ள வேண்டும் என்பதுதான் அவர்கள் விருப்பம். பல வாரம் பேசிப் பணம் கறக்க வேண்டிய தொழிலில், பாதியில் சுதாரித்துக்கொள்கிற ஆள் நஷ்டக் கணக்கு. வங்கி மெயிலுக்கு இந்த வடிகட்டி தேவையே இல்லை. ஒரு கிளிக், ஒரு பாஸ்வேர்டு, வேலை முடிந்தது. ஆகவே அது எவ்வளவு சுத்தமாக எழுதப்பட்டிருக்கிறதோ அவ்வளவு லாபம். இப்போது செயற்கை நுண்ணறிவு இலக்கணப் பிழையில்லாமல் எழுதிக் கொடுக்கிறது. எங்கள் மெயிலில் ஒரு கமாகூடத் தப்பில்லை.

அப்படியானால் அந்தப் பெண்ணை அமுக்க வைத்தது எது? அவர் பத்து வருடமாகக் கணக்குப் பார்ப்பவர், ஒரு பில்லில் பத்து ரூபாய் இடித்தாலும் பிடித்துவிடுவார். மெயில் அவருடைய பயத்துக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி வந்து சேர்ந்தது. நாளை சம்பளம், நாளை வங்கி லீவு, கணக்கு முடங்கினால் அறுபது பேருக்குப் பதில் சொல்ல வேண்டியது அவர். இதே மெயில் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வந்திருந்தால் சாவகாசமாகப் பார்த்திருப்பார். அனுப்பியவனுக்கு அந்த யூனிட்டின் சம்பள நாள் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆயிரக்கணக்கான பேருக்கு வெள்ளிக்கிழமை மதியம் ஒரே மெயிலை வீசினால் யாராவது நாலு பேருக்கு அது அளவாகப் பொருந்திவிடும்.

பூண்டிக்காரர்களிடம் ஆள்மாறாட்டக் கொள்ளையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சேரமான் பெருமாளிடம் பொன்னும் பொருளும் பெற்றுத் திரும்பிய சுந்தரரை இந்த ஊரில்தான் வேடர்கள் வழிமறித்துப் பறித்தார்கள் என்பது தலபுராணம். வந்தவர்கள் வேடர் இல்லை, வேடர் வேஷத்தில் வந்த சிவனின் பூதகணங்கள். பறிகொடுத்த கோபத்தில் சுந்தரர் சிவனையே கேள்வி கேட்டுப் பாடிய பதிகம் ஏழாம் திருமுறையில் இருக்கிறது. பொருள் திரும்பக் கிடைத்தது. மாசித் திருவிழாவில் வேடுபறி என்று இதை இன்றும் நடத்திக் காட்டுகிறார்கள். அதில் நல்லவர்கள் திருடன் வேஷம் போட்டார்கள். மெயிலில் வேஷம் தலைகீழ். பணம் திரும்பி வருகிற வேகத்தில்தான் இன்னும் பெரிய வித்தியாசம்.

அதற்கு ஒரு பழைய வழக்கு சாட்சி. 2007 செப்டம்பரில், அபுதாபியில் வேலை பார்த்த தமிழர் ஒருவருக்கு ஐசிஐசிஐ வங்கி அனுப்பியது போலவே ஒரு மெயில். இணைய வங்கிக் கணக்கின் யூசர் ஐடி, பாஸ்வேர்டைக் கொடுக்காவிட்டால் கணக்கு இல்லாமல் போய்விடும் என்றது. கொடுத்துவிட்டார். 6.46 லட்சம் ரூபாய் இன்னொரு நிறுவனத்தின் கணக்குக்குப் போனது, அதில் 4.6 லட்சத்தை மும்பைக் கிளை ஒன்றில் எடுத்தே விட்டார்கள். பாஸ்வேர்டைக் கொடுத்தது நீங்கள், நஷ்டமும் உங்களுடையது என்றது வங்கி. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் தீர்ப்பளிக்கும் அதிகாரியான, அன்றைய தமிழக தகவல் தொழில்நுட்பச் செயலர் பி.டபிள்யூ.சி. டேவிதாரிடம் வழக்குப் போனது. 2010 ஏப்ரலில் அவர் தந்த உத்தரவு பலரைத் திரும்பிப் பார்க்க வைத்தது: வங்கியின் பாதுகாப்பு ஏற்பாடு போதாது, 12.85 லட்சம் ரூபாயை வங்கிதான் கொடுக்க வேண்டும்.

வங்கி மேல்முறையீடு செய்தது. அதை விசாரிக்க வேண்டிய சைபர் தீர்ப்பாயம் 2011-லிருந்து தலைவர் இல்லாமலே கிடந்தது. 2017-இல் அதைத் தொலைத்தொடர்புத் தகராறுகளுக்கான தீர்ப்பாயமான டிடிசாட்டோடு சேர்த்தார்கள். வழக்கு முடிய 2019 ஆயிற்று, வங்கி பொறுப்பு என்ற முடிவு நின்றது. செப்டம்பரில் ஒரு நிமிடத்தில் போன பணத்துக்குப் பதினோரு வருடத்துக்கு மேல்! ஏமாந்தவர் பக்கம் நின்று ஒரு கேள்வியை முதன்முதலில் எழுப்பியதற்காக அந்த உத்தரவை நான் மதிக்கிறேன். தன் குரலை மற்றவரால் காப்பி அடிக்க முடியாதபடி செய்துகொள்ள வேண்டியது பேசுகிறவர் கடமையா, கேட்கிறவர் கடமையா?

ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் போட்ட சுற்றறிக்கை நடுவில் ஒரு கோடு கிழித்தது. பாஸ்வேர்டைக் கொடுத்தது போல வாடிக்கையாளர் கவனக்குறைவால் போன பணம், வங்கிக்குத் தகவல் சொல்லும் வரை அவர் நஷ்டம். சொன்ன நிமிடத்துக்குப் பிறகு போவது வங்கியின் நஷ்டம். ஆகவே ஏமாந்தது தெரிந்தவுடன் வெட்கப்பட்டு உட்காராமல் வங்கியையும் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணையும் கூப்பிட வேண்டும். திருடிய பணம் நாலைந்து கணக்குகளுக்குத் தாவித்தான் கையில் எடுக்கப்படும்; 1930-இல் சொன்னால் அந்தத் தாவலின் நடுவிலேயே அடுத்த வங்கிக்குத் தகவல் போய், பணத்தைப் பிடித்து நிறுத்த வழியிருக்கிறது. முதல் ஒன்றிரண்டு மணி நேரம் பொன் மாதிரி. சுந்தரருக்குப் பொருள் இருக்கும் இடத்தைக் கூப்பிட்டுச் சொன்னதாக அவிநாசிப் பக்கம் ஒரு கூப்பிடு பிள்ளையார் இருக்கிறார். இங்கே கூப்பிட வேண்டியது நாம்.

இந்தப் பகுதிக்கென்றே உள்ள ஒரு கிளைக்கதையையும் சொல்லியாக வேண்டும். வங்கிப் பாஸ்வேர்டு கிடைக்காவிட்டாலும் திருடனுக்கு மெயில் பாஸ்வேர்டு கிடைத்தால் போதும். உள்ளே புகுந்து எதையும் தொட மாட்டான். வருகிற மெயிலெல்லாம் தனக்கும் ஒரு பிரதி வரும்படி செட்டிங்கில் ஒரு வரி எழுதிவிட்டு, வாரக்கணக்கில் படித்துக்கொண்டிருப்பான். எந்த ஷிப்மென்ட் எப்போது போனது, இன்வாய்ஸ் எவ்வளவு என்று எல்லாம் அத்துப்படி. பையர் பணம் அனுப்பப் போகிற வாரம், உங்கள் பெயரில் அவருக்கு ஒரு மெயில் போகும்: ஆடிட் நடப்பதால் வங்கிக் கணக்கை மாற்றியிருக்கிறோம், இந்த முறை இதில் போடுங்கள். இங்கே கம்பெனிப் பெயர்களில் பாதி நிட்ஸ் என்றோ கார்மென்ட்ஸ் என்றோ முடியும். டொமைனில் அந்தக் கடைசி எஸ்ஸை மட்டும் விட்டுவிட்டால் ஜெர்மனியில் இருக்கிற பையருக்கு எப்படித் தெரியும்? பணம் போகும், சரக்கும் போயிருக்கும், இரண்டு தரப்பும் ஒருவரையொருவர் சந்தேகப்படுவார்கள். வங்கிக் கணக்கை மெயிலில் மாற்ற மாட்டோம், மாற்றினால் போனில் பேசிய பிறகே என்று பையரிடம் ஆர்டர் எடுக்கும்போதே சொல்லி வைப்பவர்கள் இப்போது உண்டு. மெயில் செட்டிங்கில் ஃபார்வர்டிங் என்ற பகுதியில் தெரியாத முகவரி ஏதாவது இருக்கிறதா என்று அவ்வப்போது பார்த்துக்கொள்வதும் நல்லது.

அந்த வெள்ளிக்கிழமை என்ன ஆயிற்று என்றால், அந்தப் பெண் போலிப் பக்கத்தை மூடிவிட்டு, பாஸ்புக்கில் அச்சடித்திருந்த கிளை எண்ணுக்குப் போன் போட்டார். மெயிலில் ஒரு கஸ்டமர் கேர் எண் இருக்கத்தான் செய்தது, அதைத் தொடவில்லை. கேஒய்சி எல்லாம் சரியாக இருக்கிறது என்றார்கள். வழக்கமான பக்கத்தைத் தானே தட்டித் திறந்தார், பாஸ்வேர்டு கட்டத்தில் வந்து உட்கார்ந்தது, சம்பளப் பணம் நகர்ந்தது. டீ ஆறிப்போயிருந்தது.

அடுத்த வாரம் போனபோது இன்னொரு கதை சொன்னார். வங்கியிலிருந்து மறுபடி ஒரு மெயில். இந்த முறை அசல். ஆனால் அதிலும் ஒரு லிங்க், அதுவும் எங்கே போகிறது என்றே தெரியாத சுருக்கப்பட்ட லிங்க். கிளைக்குப் போன் போட்டுக் கேட்டிருக்கிறார். "அது நாங்க அனுப்புனதுதாம்மா, தைரியமா அமுக்குங்க" என்றாராம் அதிகாரி.

"சரிங்க சார், எதுக்கும் நாளைக்கு நேர்லயே வந்துடறனுங்க" என்று சொல்லி வைத்துவிட்டாராம்.